விழும் பொருள்கள்: ஈர்ப்பு, நிலைமம், காற்றுத் தடை – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• நிறை – பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு; அலகு கிலோகிராம்; ஸ்கேலார் அளவு; இடத்துக்கு இடம் மாறாதது.
• எடை – நிறை மீது செயல்படும் ஈர்ப்பு விசை, அலகு நியூட்டன், வெக்டர் அளவு, இடத்துக்கு இடம் மாறுவது.
• எடை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம்.
• 1 கிலோகிராம் விசை = சுமார் 9.8 நியூட்டன்.
• நிலைமம் – ஓய்வு நிலையிலோ சீரான நேர்கோட்டு இயக்கத்திலோ ஏற்படும் மாற்றத்தை எதிர்க்கும் பண்பு.
• நிலைமத்தின் அளவீடு – நிறை.
• தடையற்ற வீழ்ச்சி – ஈர்ப்பு விசை மட்டும் செயல்படும் இயக்கம்.
• காற்றுத் தடை – காற்றில் நகரும் பொருளின் மீது இயக்கத்துக்கு எதிர்த்திசையில் செயல்படும் விசை. மறுபெயர் இழுவை விசை.
• முற்றுத் திசைவேகம் – நிகர விசை சுழியான பின் மாறாமல் நீடிக்கும் வீழ்ச்சித் திசைவேகம்.

நிலைமம்

• வகைகள் 3 – ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம்.
• இச்சொல்லை இயற்பியலில் முதலில் பயன்படுத்தியவர் – ஜோகன்னஸ் கெப்ளர்.
• நிலைம விதி – நியூட்டனின் முதல் இயக்க விதி.
• மூன்று இயக்க விதிகளும் இடம்பெற்ற நூல் – பிரின்சிபியா (1687).
• பறக்கும் விமானத்திலிருந்து போடப்படும் பொதி – முன்னோக்கிய வேகத்தைத் தக்கவைத்தபடியே வீழ்ச்சி. இலக்குக்கு முன்னரே போடுவதன் காரணம் இதுவே.
• கிடையாக எறிந்த கல், அதே உயரத்திலிருந்து நழுவவிட்ட கல் – காற்றுத் தடை இல்லையெனில் சமதரையில் இரண்டும் ஒரே நேரத்தில்.
• 1640, மார்செய் – ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து குண்டு போட்ட சோதனை. நடத்தியவர் பியர் கசாந்தி. முடிவு: குண்டு விழுந்த இடம் பாய்மரத்தின் அடி.
• கோபுர உச்சியின் கிழக்கு நோக்கிய சுழற்சி வேகம் அடிவாரத்தினதைவிடக் கூடுதல். எனவே விழும் பொருளின் விலக்கம் கிழக்கு நோக்கி.
• நிலநடுக்கோட்டில் 100 மீ. வீழ்ச்சிக்கு விலக்கம் – சுமார் 2.2 செ.மீ.
• இவ்விலக்கத்தை அளந்தவர்கள் – குலியெல்மினி (பொலோனியா, 1791), பென்சன்பெர்க் (ஹாம்பர்க், 1802), ரைக் (ஃப்ரைபெர்க் சுரங்கம், 1831).

ஈர்ப்பு விசை

• நியூட்டனின் ஈர்ப்பியல் விதி – விசை, நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவு. தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவு.
• ஈர்ப்பியல் மாறிலி – 6.674 × 10⁻¹¹ நியூட்டன் மீட்டர்² / கிலோகிராம்².
• முறுக்குத் தராசுச் சோதனை – ஹென்றி கேவண்டிஷ், 1797–98.
• கேவண்டிஷ் கண்ட புவியின் சராசரி அடர்த்தி – நீரைப் போல் 5.448 மடங்கு, இன்றைய மதிப்பு சுமார் 5.51.
• பொருள்களை ஈர்க்கும் ஆற்றல் புவிக்கு உண்டு எனக் கூறிய இந்திய நூல் – சித்தாந்த சிரோமணி (1150). ஆசிரியர் இரண்டாம் பாஸ்கரர்.

நிறை நீங்குதல் – மையக் கருத்து

• நிறை இருமடங்கானால் – ஈர்ப்பு விசை இருமடங்கு, நிலைமமும் இருமடங்கு, முடுக்கம் மாறாது.
• 1 கி.கி. கல் – விசை 9.8 நியூட்டன், முடுக்கம் 9.8 மீ/வி².
• 10 கி.கி. கல் – விசை 98 நியூட்டன். முடுக்கம் அதே 9.8 மீ/வி².
• காரணம் – ஈர்ப்பு நிறையும் நிலைம நிறையும் சமம்.
• காற்றுத் தடை நிறையைச் சார்ந்ததன்று. வேகம், வடிவம், பரப்பு, காற்றின் அடர்த்தி ஆகியவற்றைச் சார்ந்தது.
• ஆகவே காற்றில் மட்டுமே வீழ்ச்சியில் நிறைக்குப் பங்கு. வெற்றிடத்தில் இறகும் இரும்பும் சமம்.

தடையற்ற வீழ்ச்சி – சமன்பாடுகள் (ஓய்விலிருந்து)

• திசைவேகம் = முடுக்கம் × காலம்.
• கடந்த தொலைவு = ½ × முடுக்கம் × காலம்².
• திசைவேகம்² = 2 × முடுக்கம் × உயரம்.
• வீழ்ச்சிக் காலம் = √(2 × உயரம் ÷ முடுக்கம்).
• 1 விநாடி முடிவில் – 9.8 மீ/வி, 4.9 மீ.
• 2 விநாடி முடிவில் – 19.6 மீ/வி, 19.6 மீ.
• 3 விநாடி முடிவில் – 29.4 மீ/வி, 44.1 மீ.
• 4 விநாடி முடிவில் – 39.2 மீ/வி, 78.4 மீ.
• 5 விநாடி முடிவில் – 49 மீ/வி, 122.5 மீ.
• அடுத்தடுத்த சம காலங்களில் கடக்கும் தொலைவுகளின் விகிதம் – 1 : 3 : 5 : 7 : 9 (கலிலியோவின் ஒற்றை எண் விதி).
• உயரம் 4 மடங்கானால் – காலம் 2 மடங்கு. தரையைத் தொடும் வேகம் 2 மடங்கு.
• பாதி உயரத்தில் – நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் சமம்.
• மேல்நோக்கி எறிந்த பொருள், உச்சியில் – திசைவேகம் சுழி, முடுக்கம் 9.8 மீ/வி² (சுழி அன்று).
• வெற்றிடத்தில் ஏறும் காலம் = இறங்கும் காலம்; காற்றில் ஏறும் காலம் < இறங்கும் காலம்.

புவியீர்ப்பு முடுக்கம் – மதிப்பும் மாறுபாடும்

• செந்தர மதிப்பு – 9.80665 மீ/வி², ஏற்கப்பட்ட ஆண்டு 1901 (எடைகள், அளவுகள் குறித்த 3வது பொது மாநாடு).
• நிலநடுக்கோட்டில் – 9.780 மீ/வி² (சிறுமம்).
• துருவங்களில் – 9.832 மீ/வி² (பெருமம்).
• காரணங்கள் 2 – புவியின் சுழற்சி. துருவத் தட்டை வடிவம்.
• நிலநடுக்கோட்டு ஆரம் 6378 கி.மீ.; துருவ ஆரம் 6357 கி.மீ.
• உயரம் கூடினால் குறைவு. ஆழம் கூடினாலும் (சீரான அடர்த்திக் கோளம் எனில்) குறைவு.
• புவி ஆரத்துக்குச் சமமான உயரத்தில் – நான்கில் ஒரு பங்கு.
• புவி ஆரத்தில் பாதி ஆழத்தில் (சீரான அடர்த்தி எனில்) – பாதி.
• புவி மையத்தில் – சுழி; எடை சுழி; நிறை மாறாது.
• 400 கி.மீ. உயரத்தில் (பன்னாட்டு விண்வெளி நிலையம்) – சுமார் 8.7 மீ/வி², தரை மதிப்பில் ஏறத்தாழ 89%.
• நிறை மாறாமல் புவியின் ஆரம் 1% சுருங்கினால் – முடுக்கம் 2% உயர்வு.
• புவி இன்றைய வேகத்தைப் போல் 17 மடங்கு வேகமாகச் சுழன்றால் – நிலநடுக்கோட்டில் எடை சுழி.
• இட மாறுபாட்டின் முதல் சான்று – ஜான் ரிஷே, கயேன் (தென் அமெரிக்கா), 1672. பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கு நாளொன்றுக்குச் சுமார் 2½ நிமிடம் தாமதம்.
• புவியீர்ப்பு உருவின் ஆழமான பள்ளம் – இந்தியப் பெருங்கடல், இலங்கைக்குத் தெற்கே; சராசரிக்குக் கீழே சுமார் 106 மீ.
• புவியீர்ப்பை அளந்த செயற்கைக்கோள்கள் – கிரேஸ் (2002), கோசி (2009), கிரேஸ் தொடர் திட்டம் (2018).

பிற வான்பொருள்களில் (மீ/வி²)

• நிலவு – 1.62 (புவியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு).
• செவ்வாய் – 3.7, புதன் – 3.7.
• வெள்ளி – 8.87.
• வியாழன் – 24.8 (கோள்களில் மிக அதிகம்).
• சூரியன் – 274.
• டைட்டன் (சனியின் நிலவு) – 1.35.

காற்றுத் தடை

• இழுவை விசை = ½ × காற்றின் அடர்த்தி × வேகம்² × இழுவைக் குணகம் × குறுக்குப்பரப்பு.
• வேகம் 2 மடங்கு – தடை 4 மடங்கு. வேகம் 3 மடங்கு – தடை 9 மடங்கு.
• கடல்மட்டக் காற்றின் அடர்த்தி – 1.225 கி.கி./மீ³ (15 டிகிரி செல்சியஸ்).
• உயரம் கூடக் கூட – அடர்த்தி குறைவு, தடை குறைவு.
• இழுவைக் குணகம் – அலகற்ற எண்.
• கோளம் – சுமார் 0.47, ஓட்டத்துக்கு இசைந்த துளி வடிவம் – சுமார் 0.04, தட்டையான வட்டத் தகடு – சுமார் 1.1 முதல் 1.2.
• கோல்ஃப் பந்தின் குழிகள் – பின்புறச் சுழிப்பைச் சுருக்கித் தடையைக் குறைப்பவை.
• ரெனால்டு எண் – நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதம். ஆஸ்போர்ன் ரெனால்டு, 1883.
• ஈபில் கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தகடுகளை வீழ்த்திக் காற்றுத் தடையை அளந்தவர் – கோபுரத்தை எழுப்பிய குஸ்தாவ் ஈபில். அவரது காற்றுச் சுரங்கம் 1909.
• மிதப்பு விசை வேறு, காற்றுத் தடை வேறு: முன்னது ஓய்விலும் உண்டு; பின்னது இயக்கத்தில் மட்டும்.

முற்றுத் திசைவேகம்

• நிபந்தனை – எடை = காற்றுத் தடை + மிதப்பு விசை.
• அப்போது முடுக்கம் சுழி. வேகம் சுழி அன்று.
• பெரிய பொருள்களுக்கு – முற்றுத் திசைவேகம் = √[2 × எடை ÷ (காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × பரப்பு)].
• ஒரே அளவு, ஒரே வடிவம், 4 மடங்கு நிறை – முற்றுத் திசைவேகம் 2 மடங்கு.
• ஒரே பொருளால் ஆன, ஒரே வடிவுள்ள இரு உருவங்கள் – எடை நீளத்தின் மும்மடிக்கும், பரப்பு இருமடிக்கும் நேர்த்தகவு. எனவே பெரியதற்கே கூடுதல் முற்றுத் திசைவேகம்.
• பூச்சிகள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைப்பதன் காரணம் – இதுவே.
• உயிரினங்களின் உருவளவையும் வீழ்ச்சியையும் இணைத்து விளக்கிய கட்டுரையாளர் – ஜே.பி.எஸ். ஹால்டேன் (1926), பின்னாளில் இந்தியக் குடியுரிமை, மறைவு புவனேஸ்வர், 1964.
• முற்றுத் திசைவேகத்தில் விழும்போது – இழக்கும் நிலை ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாற்றம். இயக்க ஆற்றல் மாறாது.

ஸ்டோக்ஸ் விதி

• கண்டவர் – ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1851.
• பாகுநிலை விசை = 6 × பை × பாகியல் எண் × ஆரம் × திசைவேகம்.
• பொருந்துவது – சிறிய கோளம், குறைந்த வேகம், வரிச்சீர் ஓட்டம்.
• முற்றுத் திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்த்தகவு. ஆரம் 2 மடங்கு எனில் வேகம் 4 மடங்கு.
• பயன்பாடு – மில்லிக்கன் எண்ணெய்த் துளிச் சோதனை, எலக்ட்ரானின் மின்னூட்டம், நோபல் பரிசு 1923.
• மேகத் துளிகள் மிதப்பதுபோல் தோன்றக் காரணம் – மிகச் சிறிய ஆரம்; மிகக் குறைந்த முற்றுத் திசைவேகம்; மேலெழும் காற்று.

மழைத்துளி – எண்கள்

• மேகத் துளி (விட்டம் 0.02 மி.மீ.) – விநாடிக்குச் சுமார் 1 செ.மீ.
• தூறல் (0.5 மி.மீ.) – சுமார் 2 மீ/வி.
• 1 மி.மீ. – சுமார் 4 மீ/வி.
• 5 மி.மீ. – சுமார் 9 மீ/வி.
• மிகப் பெரிய துளிகள் – காற்றழுத்தத்தால் சிதறல்.
• காற்றே இல்லையெனில் 1000 மீ. உயரத்திலிருந்து விழும் துளியின் வேகம் – 140 மீ/வி (504 கி.மீ/மணி).
• வடிவம் – சிறு துளி கோளம் (காரணம் பரப்பு இழுவிசை). பெரிய துளி அடிப்புறம் தட்டை. கண்ணீர்த்துளி வடிவம் தவறு.
• செங்குத்துக் காற்றோட்டத்தில் துளிகளை ஆய்ந்தவர் – பிலிப் லெனார்டு, 1904.

விண்குதிப்பாளர் – வீழ்ச்சி நிலைகள்

• நிலை 1, குதித்த கணம் – செங்குத்து வேகம் சுழி, முடுக்கம் 9.8 மீ/வி².
• நிலை 2, முற்றுத் திசைவேகத்தில் பாதி – தடை எடையில் நான்கில் ஒரு பங்கு, முடுக்கம் 7.35 மீ/வி².
• நிலை 3, முற்றுத் திசைவேகம் – வயிறு கீழாக, சுமார் 55 மீ/வி (ஏறத்தாழ 200 கி.மீ/மணி), 12 விநாடி, 450 மீ. அளவில் அதில் 97%.
• நிலை 4, வான்குடை விரிவு – தடை > எடை, முடுக்கம் மேல்நோக்கி, இயக்கம் கீழ்நோக்கியே, குதிப்பாளர் மேலே எழுவதில்லை.
• நிலை 5, புதிய முற்றுத் திசைவேகம் – சுமார் 5 முதல் 6 மீ/வி.
• தலைகீழ் நிலை – குறுக்குப்பரப்பு குறைவு, வேகம் கூடுதல்.
• வல்லூறின் பாய்ச்சல் – மணிக்கு 300 கி.மீ.க்கு மேல், சிறகு மடக்கிப் பரப்பைக் குறைத்தல்.

வான்குடை – முதன்மைகள்

• வரைபடம் – லியொனார்டோ டா வின்சி, 15ஆம் நூற்றாண்டு.
• பொதுமக்கள் முன் முதல் செயல்விளக்கம் – லூயி செபாஸ்டியன் லெனோர்மான், 1783, பிரான்சு.
• பலூனிலிருந்து முதல் வான்குடைக் குதிப்பு – ஆந்த்ரே ஜாக் கார்னரான், 22 அக்டோபர் 1797, பாரிஸ்.
• முதல் பெண் – ழான் ழெனவியேவ் லப்ரோஸ், 1799.
• உச்சித் துளை – ஊசலாட்டத்தைக் குறைப்பதற்கு.
• ககன்யான் வீரர் கலம் – 10 வான்குடைகள் (2 + 2 + 3 + 3). முதல் ஒருங்கிணைந்த வான்வழி வீழ்த்தல் சோதனை 24 ஆகஸ்ட் 2025.
• பெர்சிவரன்ஸ், செவ்வாய், 18 பிப்ரவரி 2021 – வான்குடை விட்டம் 21.5 மீ.; காற்று புவியில் ஏறத்தாழ 1% மட்டுமே; எனவே இறுதிக் கட்டத்தில் ராக்கெட் பொறிகள்.
• ஹைகன்ஸ் கலம், டைட்டன், 14 ஜனவரி 2005 – அடர்ந்த காற்று, குறைந்த ஈர்ப்பு. வான்குடை இறக்கம் சுமார் 2½ மணி நேரம்.
• சந்திரயான்-3, 23 ஆகஸ்ட் 2023 – நிலவில் காற்று இல்லை, வான்குடை பயனற்றது, பொறிகளால் மட்டுமே வேகக் குறைப்பு.

உயர வீழ்ச்சிச் சாதனைகள்

• ஜோசப் கிட்டிங்கர் – 16 ஆகஸ்ட் 1960, சுமார் 31.3 கி.மீ.
• ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் – 14 அக்டோபர் 2012, ராஸ்வெல், நியூ மெக்சிகோ, 38,969 மீ.; 1,357.6 கி.மீ/மணி; மாக் 1.25, ஊர்தியின்றி வீழ்ச்சியில் ஒலி வேகம் கடந்த முதல் மனிதர்.
• ஆலன் யூஸ்டஸ் – 24 அக்டோபர் 2014, சுமார் 41.4 கி.மீ.
• ஒலி வேகம் கடக்க இயன்ற காரணம் – மேலடுக்கில் காற்று மிக மெல்லியது. தாழ இறங்க இறங்கத் தடை மிகுந்து வேகம் குறைவு.

வரலாறு – கால வரிசை

• கி.மு. 4ஆம் நூற்றாண்டு – அரிஸ்டாட்டில்: கனமான பொருள் வேகமாக விழும் (தவறான கருத்து).
• கி.பி. 6ஆம் நூற்றாண்டு – ஜான் ஃபிலோபோனஸ், அலெக்சாந்திரியா: அரிஸ்டாட்டில் கருத்துக்கு மறுப்பு.
• 1586 – சைமன் ஸ்டெவின், டெல்ஃப்ட்: 1 : 10 எடை விகிதமுள்ள இரு ஈயக் குண்டுகள், 30 அடி உயரம், பலகையில் ஒரே ஓசை.
• சுமார் 1604 – கலிலியோ: சாய்தளச் சோதனை; காலம் அளக்க நீர்க்கடிகாரம்.
• 1638 – கலிலியோவின் 'இரு புதிய அறிவியல்கள்', லைடன்.
• பைசா கோபுரக் கதையின் மூலம் – மாணவர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாறு (எழுதியது 1654, வெளியீடு 1717).
• 1651 – ரிச்சோலியின் நூல்: பொலோனியா அசினெல்லி கோபுர வீழ்ச்சி அளவீடுகள்.
• 1673 – ஹைகன்ஸ்: ஊசல் வழி புவியீர்ப்பு முடுக்கம்.
• 1687 – நியூட்டன்: பிரின்சிபியா.
• 1710 – புனித பால் பேராலயம், லண்டன்: கண்ணாடிக் கோளங்கள், 220 அடி; காற்றுத் தடை ஆய்வு.
• 1784 – ஜார்ஜ் அட்வுட்: கப்பி எந்திரம், வீழ்ச்சியை மெதுவாக்கி முடுக்கம் அளத்தல்.
• 1907 – ஐன்ஸ்டீன்: சமானத் தத்துவம் (அடிப்படை: ஈர்ப்பு நிறையும் நிலைம நிறையும் சமம்).
• 1915 – பொதுச் சார்பியல் கோட்பாடு.

நிலவில் சுத்தியலும் இறகும்

• நாள் – 2 ஆகஸ்ட் 1971. திட்டம் அப்பல்லோ 15. செய்தவர் டேவிட் ஸ்காட்.
• சுத்தியல் – 1.32 கி.கி.; வல்லூறு இறகு – 0.03 கி.கி.; நிறை விகிதம் 44 : 1.
• இறங்கு கலத்தின் பெயர் – ஃபால்கன்.
• முடிவு – இரண்டும் ஒரே கணத்தில் தரையில்.

சமானத் தத்துவச் சோதனைகள்

• ஈட்வாஷ் (ஹங்கேரி) – முறுக்குத் தராசு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.
• டிக்கி குழு (பிரின்ஸ்டன்) – 1964; துல்லியம் 10⁻¹¹.
• மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் (பிரான்சு) – ஏவல் 25 ஏப்ரல் 2016; பிளாட்டினம், டைட்டானியம் உருளைகள்; இறுதி முடிவு 2022; துல்லியம் 10⁻¹⁵ அளவில்.
• ஆல்ஃபா-ஜி (செர்ன்) – 2023. எதிர் ஹைட்ரஜனும் கீழ்நோக்கியே வீழ்ச்சி.

எடையின்மையும் சுற்றுப்பாதையும்

• மின்தூக்கி முடுக்கத்துடன் மேலே – தோற்ற எடை கூடுதல். முடுக்கத்துடன் கீழே – குறைவு. சீரான வேகம் – மாற்றமில்லை. கம்பி அறுந்தால் – சுழி.
• விண்வெளி வீரர்களின் எடையின்மைக்குக் காரணம் – ஈர்ப்பின்மை அன்று. கலமும் வீரரும் ஒரே முடுக்கத்தில் விழுவது.
• புவிப் பரப்பையொட்டிய சுற்றியக்கத் திசைவேகம் – 7.9 கி.மீ/வி, ஒரு விநாடியில் வீழ்ச்சி 4.9 மீ.; புவியின் வளைவும் 4.9 மீ.
• நிலவு புவியை நோக்கி விழுவது – விநாடிக்குச் சுமார் 1.36 மி.மீ.
• நிலவின் தொலைவு 60 புவி ஆரம். முடுக்கம் தரை மதிப்பில் 1/3600. எதிர் இருமடி விதிக்கு நியூட்டனின் சான்று.
• பிரெமன் வீழ்ச்சிக் கோபுரம் (ஜெர்மனி) – உயரம் 146 மீ.; வெற்றிடக் குழாயில் வீழ்ச்சி 110 மீ.; 4.74 விநாடி.
• நாசா கிளென் மையம், கிளீவ்லாந்து – வீழ்ச்சி 132 மீ.; 5.18 விநாடி.

சரியா, தவறா?

• கனமான பொருள் எப்போதும் வேகமாக விழும் – தவறு.
• வெற்றிடத்தில் முற்றுத் திசைவேகம் இல்லை – சரி.
• கனமான பொருள் மீது ஈர்ப்பு விசை அதிகம் – சரி.
• எனவே வெற்றிடத்தில் அதன் முடுக்கமும் அதிகம் – தவறு (நிலைமமும் அதே விகிதத்தில் அதிகம்).
• முற்றுத் திசைவேகத்தில் எந்த விசையும் இல்லை – தவறு (நிகர விசையே சுழி).
• விரித்த தாளைவிடக் கசக்கிய தாள் விரைவாக விழக் காரணம் நிறை – தவறு (பரப்பும் வடிவமும்).
• ஒரே அளவுள்ள இரும்புக் குண்டு, மரக் குண்டு, காற்றில் உயரத்திலிருந்து வீழ்ச்சி, முதலில் தரை தொடுவது இரும்பு – சரி (தடை சமம், எடை வேறு).
• அதே குண்டுகள் நிலவில் – ஒரே நேரம்.